பழைய கார் விலையில், ஓட்டிய விதத்துக்கு ஏன் மதிப்பே இல்லை?

மலைப்பாதை (இழையைத் தொடங்கியவர்)

பழைய கார் வாங்கப் போகிறேன், எதைப் பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் வரும் பதில் மூன்றுதான். சிங்கிள் ஓனரா, கி.மீ. கம்மியா, ரீசேல் உள்ள கம்பெனியா. ஈரோடு, கரூர் பக்கம் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்கில் போய் நின்றாலும் சரி, செல்போன் செயலியில் பார்த்தாலும் சரி, விலை இந்த மூன்றை வைத்துத்தான் போடப்படுகிறது. எனக்கு இதில் நெடுநாளாகவே உடன்பாடில்லை. முதல் இரண்டும் வண்டியைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். மூன்றாவது, நாளைக்கு நம்மிடம் வாங்கப் போகிறவர் என்ன நினைப்பார் என்பது, வண்டியைப் பற்றியதே இல்லை. வண்டியைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் ஓட்டியவரின் கையும் காலும். அதற்காக நம் சந்தையில் விலை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

ஒரே வயதுள்ள இரண்டு டீசல் வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 35,000 கி.மீ. ஓடியது, வீடு, ஆபீஸ், நடுவில் கத்திப்பாரா, பாதி நேரம் கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஊர்ந்தது. இன்னொன்று 1,20,000 கி.மீ., பெரும்பாலும் சென்னை–மதுரை நான்கு வழிச்சாலை, ஐந்தாவது கியரில் சீரான வேகம், பில்லோடு ஆயில் மாற்றியது. முதல் வண்டிக்குத்தான் சந்தையில் விலை அதிகம், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். என்ஜின் அதிகம் தேய்வது சூடாகும் முன்புதான். தினமும் நாலு கி.மீ. போய் அணைத்து, குளிர்ந்த பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்த வண்டியின் மீட்டர் குறைவாகக் காட்டும், உள்ளே அப்படி இருக்காது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை விதி வந்த பிறகு இது இன்னும் மோசம், ஏனென்றால் அந்த டீசல் வண்டிகளில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது, நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடி புகைபோக்கி நன்றாகச் சூடேறினால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். ஊருக்குள்ளேயே சுற்றிய வண்டியில் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரிய ஆரம்பித்துவிடும், மாற்றுவது சின்னச் செலவு இல்லை.

ஓட்டிய விதம் வண்டியில் தெரியாது என்பதும் சரியில்லை. டயரின் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் பார்க்காமல், குழியில் வேகம் குறைக்காமல் ஓட்டியிருக்கிறார்கள். பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் மேடு தட்டுப்பட்டால் கடைசி நொடியில் பிரேக் மிதிக்கும் ஆள். கிளட்ச் மிகவும் மேலே வந்து பிடித்தால் பிளேட் முடியப் போகிறது. இதையெல்லாம் விட நான் முதலில் பார்ப்பது பின் சீட்டை. அங்கே சீட் பெல்ட் கொக்கிகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தால், அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்த யாரும் ஒருநாளும் பெல்ட் போடவில்லை என்று அர்த்தம். முன் சீட்டில் பீப் சத்தத்தை நிறுத்த ஒரு போலிக் கொக்கி செருகியிருந்தால் நான் மேற்கொண்டு பேசுவதே இல்லை. 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டு, இணையக் கடைகளில் இந்தக் கொக்கிக்கான 13,000-க்கும் மேற்பட்ட பட்டியல்களை எடுக்க வைத்தது. அத்தனை பட்டியல் இருந்தது என்றால் எத்தனை வண்டிக்குள் அது செருகப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து பாதுகாப்பு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பு நம் நாட்டுச் சின்ன கார்கள் ஐந்தை மோதிப் பார்த்தது, ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல் ஐந்துக்கும் பூஜ்யம். அந்த ஐந்தில் ஒன்றான ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு இரண்டு ஏர்பேக் வைத்து மோதியபோது நான்கு நட்சத்திரம் வந்தது. ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். திடீரென்று பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். எல்லா கார்களுக்கும் 2019 ஏப்ரல். பக்கத்து சீட் ஏர்பேக் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2021 கடைசியில். அதாவது நம் சந்தையில் இன்று நாலைந்து லட்சத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும் 2012 முதல் 2018 வரையிலான வண்டிகளில் ஒரு பெரும்பகுதி ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லாதவை. ஆனால் புதிதாக இருந்தபோது அடிப்படை மாடலுக்கும் டாப் மாடலுக்கும் இருந்த விலை வித்தியாசம் பத்து வருடத்தில் பாதிக்கும் கீழே சுருங்கிவிடுகிறது, சில நேரம் காணாமலே போகிறது. சந்தை அந்த ஏர்பேக்கை இனாமாகக் கொடுக்கிறது. நாம் அதை விட்டுவிட்டு அலாய் வீலுக்கும் டச் ஸ்க்ரீனுக்கும் கூடுதலாகக் கொடுக்கிறோம்.

கடைசியாக ஒரு கணக்கு. 2022-இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதல் இடம், 64,105. இறப்பில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்தது நாம், 17,884. நாடு முழுக்கப் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715, அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஓட்டியவர்கள் இல்லை, கூட உட்கார்ந்து போனவர்கள். இப்படி ஓட்டும் ஊரில் பழைய கார் விலை பேசும்போது ஓட்டிய விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூட வராமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


கரூர் டீசல்

அண்ணே, பின் சீட் பெல்ட் விஷயத்தில் முழுச் சம்மதம். ஆனால் ரீசேலை நீங்கள் இப்படித் தள்ளிவிடுவது சென்னையில் இருப்பவர்களுக்குச் சரியாக வரும், எங்களுக்கு வராது. நான் இந்தத் தொழிலுக்குப் பக்கத்திலேயே இருப்பவன், அதனால் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஸ்விஃப்ட் டீசல் ஏன் அந்த விலை போகிறது? அந்த 1.3 லிட்டர் ஃபியட் என்ஜினைப் பிரித்துப் போடத் தெரியாத மெக்கானிக் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை இரவு வேளாங்கண்ணி போகிற வழியில் நின்றாலும் பார்ட்ஸ் கிடைக்கும், குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின். மாருதி 2020-இல் டீசலையே நிறுத்திய பிறகு நல்ல வண்டிக்கு இன்னும் கிராக்கி. இதை "அடுத்தவர் நினைப்பு" என்று சொன்னால் எப்படி? அது மெக்கானிக்குக்கும் பார்ட்ஸுக்கும் சேர்த்துக் கொடுக்கிற விலை.

ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரில் கடையை மூடுகிறோம் என்று அறிவித்த அன்று இருந்த விலையும் மறு வாரம் இருந்த விலையும் வேறு வேறு. வண்டி அதே வண்டி, அந்த 1.5 டீசல் மாதிரி இழுக்கும் என்ஜின் அந்த விலைக்கு வேறு கிடையாது. ஆனால் விபத்தில் ஒரு ஹெட்லைட்டும் பம்பரும் போனால் எங்கள் பக்கம் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று வாங்குபவர் யோசிக்கத்தான் செய்வார். அந்தப் பயத்துக்கும் ஒரு விலை உண்டு.

சிங்கிள் ஓனர் என்பதும் வெறும் பேச்சு இல்லை. மூன்று கை மாறிய வண்டியில் நடுவில் ஒருத்தர் ஹைப்போவை, அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை, நீக்காமல் விட்டிருப்பார், ஒருத்தர் இன்சூரன்ஸ் கட்டாமல் விட்டிருப்பார். அதையெல்லாம் சரிசெய்ய ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைவது யார்?


பட்டறை நெல்லை

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நான் பட்டறையில் பார்ப்பதைச் சொல்கிறேன்.

மைலேஜ் வேண்டும் என்று ஐந்தாவது கியரில் 40-இல் போவது நம் ஆட்களிடம் இருக்கிற பெரிய வியாதி. வண்டி நடுங்கும், இவர் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார், கியர் குறைக்க மாட்டார். கிளட்ச், ஃப்ளைவீல், என்ஜின் மவுண்ட் எல்லாம் அதில்தான் போகிறது. அடுத்தது இறக்கத்தில் நியூட்ரல். டீசல் மிச்சம் என்று நினைக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் கியரிலேயே காலை எடுத்துவிட்டு இறங்கினால் எரிபொருள் முழுவதும் நின்றுவிடும், நியூட்ரலில்தான் என்ஜினை ஓடவைக்க எரிபொருள் போய்க்கொண்டிருக்கும். மிச்சமும் கிடையாது, பிரேக் மட்டும் சூடாகி வேலை செய்யாமல் போகும். தொப்பூர் கணவாயில் லாரிகள் வரிசையாகப் போய் மோதுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தர்மபுரிப் பக்கம் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். கொடைக்கானல், ஊட்டி இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை விட்டுவிட்டுத் தொட வேண்டும், அழுத்திக்கொண்டே இறங்கக் கூடாது.

மீட்டர் விஷயம். டிஜிட்டல் மீட்டரைத் திருப்ப முடியாது என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், லேப்டாப்பைச் செருகிச் சில நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். 2016 வண்டி, மீட்டர் 28,000 காட்டுகிறது, நாலு டயரும் 2020-இல் செய்தது என்றால் முதல் செட் டயர் எங்கே போனது என்று கேளுங்கள். சாதாரணமாக ஓட்டினால் கம்பெனி டயர் நாற்பதாயிரம் வரும். பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும், ஸ்டீயரிங் பத்து மணி இரண்டு மணி இடத்தில் பளபளக்கும், ஓட்டுநர் சீட்டின் வலது விளிம்பு அமுங்கியிருக்கும். மீட்டரை மாற்றுகிறவர்கள் இதையெல்லாம் மாற்றுவதில்லை.

தண்ணீரில் நின்ற வண்டிக்கு இன்னும் கவனம் வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் எங்கள் தூத்துக்குடி, நெல்லையில் பெய்த மழை, மூன்றிலும் நிறைய கார் மூழ்கியது. இன்சூரன்ஸில் முழு இழப்பு என்று முடித்த வண்டிகள் ஏலத்தில் போய், துடைத்து, வேறு ஊரில் விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மேல் பாதி சுத்தமாக இருக்கும், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மணல், ஃப்யூஸ் பெட்டி கனெக்டரில் பச்சை பூத்திருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி. வயரிங் மூன்று மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.


ஓ.எம்.ஆர். ஓட்டி

இப்போது வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆகிவிட்டது, அதற்கு முன் 28-உம் செஸ்ஸும். புது வண்டி விலை இறங்கியது, அப்படியென்றால் இரண்டு மூன்று வருட வண்டியின் விலையும் அதே அளவு இறங்க வேண்டும். ஆனால் விற்பவர்கள் இன்னும் தாங்கள் கொடுத்த பழைய விலையிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். இன்றைய ஷோரூம் விலையை எடுத்துவைத்துக்கொண்டு பேசுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் லைஃப் டாக்ஸ் ஏறியது, பத்து முதல் இருபது லட்சம் வரையுள்ள காருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 20. பழைய வண்டியில் அது ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது. பெரிய வண்டி வாங்குபவர்களுக்கு இது கணிசமான மிச்சம்.


அவிநாசி ரோடு

நான் கோவை. அலுவலகத்துக்கும் ஊருக்கும் நானேதான் ஓட்டுகிறேன். இந்த இழையின் தலைப்பைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் ஓட்டிய விதத்துக்கு மதிப்பில்லை என்று மலைப்பாதை அண்ணா சொல்கிறார், விளம்பரங்களில் அதற்குப் பதிலாக வேறு ஒன்றை எழுதுகிறார்கள்: "டாக்டர் வண்டி", "லேடீஸ் ஓட்டிய வண்டி". டாக்டர் அவசரத்துக்கு ஓட்டியிருப்பார், பெண்கள் இரண்டாவது கியரிலேயே பள்ளிக்கூடம் வரை ஓட்டியிருப்பார்கள், அல்லது இரண்டு பேரும் அருமையாக ஓட்டியிருப்பார்கள். யார் என்பதை வைத்து எப்படி என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? சர்வீஸ் பில்லைக் கொடுங்கள் என்று கேட்டால் அது மட்டும் இருக்காது.

நெடுஞ்சாலையில் எனக்கு நடப்பதைச் சொல்கிறேன். சேலம்–கோவை சாலையில் லாரியை முந்திக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு பெரிய எஸ்.யூ.வி. ஒட்டிக்கொண்டு ஹை பீம் அடிப்பது வழக்கமாகிவிட்டது, முந்தி முடித்து இடது பக்கம் வரும் வரை கூடப் பொறுமை கிடையாது. கண்ணாடியில் பெண் என்று தெரிந்தால் இன்னும் நெருங்குவார்கள். எதிரே வருகிறவர் டிம் செய்வது அபூர்வம். இப்போது ஹாலஜனுக்காகச் செய்த ஹெட்லைட்டுக்குள் கடையில் வாங்கிய வெள்ளை எல்.இ.டி. பல்பைப் போட்டுவிடுகிறார்கள், ஒளி எங்கே விழ வேண்டும் என்று அந்தக் கிண்ணம் வடிவமைக்கப்பட்டதோ அங்கே விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் சிதறுகிறது. இந்த மாதிரி வண்டி விற்பனைக்கு வரும்போது "எல்.இ.டி. போட்டிருக்கிறேன், அதற்கு ஐயாயிரம் சேர்த்துக் கொடுங்கள்" என்கிறார்கள்! வயரை வெட்டி ஒட்டியிருப்பார்கள், அதற்கு விலை குறைய வேண்டும்.

முன்னால் இரும்புக் கம்பி மாட்டியதும் அப்படித்தான். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதும்போது நசுங்கி அடியை வாங்க வேண்டிய முன்பகுதியை அது நசுங்க விடாது, அடி நேராகச் சட்டத்துக்குப் போகும், ஏர்பேக் விரியும் நேரமும் தப்பிப்போகலாம். நடந்து போகிறவரை மோதினால் அவர் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.


மலைப்பாதை

சகோதரி, சர்வீஸ் பில் பற்றி நீங்கள் சொன்னதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டிய அளவுக்கு முக்கியம். பில் இருக்கும் வண்டிக்கு நான் சந்தை விலைக்கு மேலேயே கொடுப்பேன். எல்லாரும் அப்படிக் கொடுக்க ஆரம்பித்தால் விற்பவர்கள் பில்லைப் பத்திரப்படுத்த ஆரம்பிப்பார்கள், ஓட்டுவதிலும் பராமரிப்பதிலும் கூட கொஞ்சம் மாற்றம் வரும் என்றுதான் நினைக்கிறேன்.

கரூர் தம்பி, பார்ட்ஸுக்கும் மெக்கானிக்குக்கும் விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. என் வாதம் அந்த விலை எவ்வளவு என்பதில். ஃபோர்டு மறைமலை நகரில் ஆலையை 2022-இல் நிறுத்தியது, ஆனால் அங்கே 1999 முதல் ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோ, ஈகோஸ்போர்ட் என்று செய்திருக்கிறார்கள், சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் அந்த வண்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே வாழ்கிறவருக்கும் கரூரில் வாழ்கிறவருக்கும் ஒரே தள்ளுபடி ஏன்? சென்னையில் இருப்பவருக்கு ஆறு ஏர்பேக் உள்ள ஒரு டாப் மாடல் ஃபோர்டு ஆஸ்பயர், அதே ஆண்டு ஏர்பேக் இல்லாத ரீசேல் வண்டியை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்றால் அவர் அதை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். டைமிங் பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம்.

போலோவுக்கும் இதையே சொல்வேன், டி.எஸ்.ஜி. என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ளதை மட்டும் தவிர்த்து. ஏழு கியர் உலர் கிளட்ச் அது, நம் ஊர் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓடியதா நெடுஞ்சாலையில் ஓடியதா என்று தெரியாமல் அதில் கை வைக்கக் கூடாது.

இன்னொன்று. டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். அங்கே பத்து வருட டீசலுக்குத் தடை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது, அதனால்தான் அங்கே விலை விழுந்தது. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் அங்கே ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே வயதுக்கு ஏற்ற லைஃப் டாக்ஸ் கட்டி, பெயர் மாற்றி முடிக்கும்போது மலிவு என்பது பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. பெரிய எஸ்.யூ.வி.க்குச் சில நேரம் கட்டுபடியாகும், சின்ன வண்டிக்கு ஒருநாளும் ஆகாது. பதினைந்து வருடம் முடிந்த வண்டி வாங்குபவர்கள் புதுப்பிப்புக் கட்டணத்தையும் மறக்க வேண்டாம், 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது, இருபது வருடம் தாண்டினால் இப்போது 10,000. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட டிங்கரிங் பெயின்ட் செலவு தனி.


சர்வேயர்

காப்பீட்டுத் துறையில் இருக்கிறேன். விற்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும், வாங்குபவர்களுக்கு எல்லாரும் சொல்கிறார்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், வண்டி நாலு கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. அந்த வழக்கில் வண்டி உண்மையிலேயே பல பேரிடம் கை மாறித்தான் போயிருந்தது. ஆகவே பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே அரசின் வாகன் இணையதளத்தில் பாருங்கள். வியாபாரியிடம் கொடுத்தால் 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி, வண்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதை ஆர்.டி.ஓ.வுக்குப் படிவம் 29சி-இல் தெரிவிக்க வழி இருக்கிறது. அவர் அங்கீகாரம் பெற்றவரா, தெரிவிப்பாரா என்று கேளுங்கள்.

வாங்குபவர்கள் 14 நாளுக்குள் காப்பீட்டைத் தங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். மாற்றாமல் விட்டால் மூன்றாம் நபர் காப்பீடு தொடரும், ஆனால் உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் வராது. "ஐம்பது சதவீத நோ கிளெய்ம் போனஸ் உள்ள வண்டி" என்று விளம்பரத்தில் போடுவார்கள், அந்தப் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, ஆளுக்கு உரியது, வண்டிக்கு இல்லை, விற்றவரோடு போய்விடும். கிளெய்ம் விவரத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். முன்பக்கம் பெரிய கிளெய்ம் இருந்தால் ஏர்பேக் மாற்றினார்களா, மூடி மட்டும் ஒட்டினார்களா என்று பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம்தான், பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

பின் சீட் பெல்ட்டுக்கு: 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் அவர் பின் சீட்டில்தான் இருந்தார், பெல்ட் போடவில்லை என்று காவல்துறை சொன்னது. விலை உயர்ந்த ஜெர்மன் வண்டி அது. பெல்ட் போடாத உடம்பை எந்த வண்டியாலும் காப்பாற்ற முடியாது.


கரூர் டீசல்

சர்வேயர் சார், 29சி தகவலுக்கு நன்றி, எங்கள் பக்கம் பலருக்கு இது தெரியாது.

மலைப்பாதை அண்ணே, சென்னைக்கும் கரூருக்கும் ஒரே தள்ளுபடி கூடாது என்று சொன்னீர்களே, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சென்னை வண்டியில் வேறு கழிவு உண்டு. கடல்காற்று. திருவான்மியூர், எண்ணூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி வண்டி என்றால் நான் ஜாக்கி போட்டுக் கீழே பார்க்காமல் விலை பேச மாட்டேன். கொங்குப் பக்கத்து வண்டிக்கு இரண்டு ரூபாய் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான்.


திருவண்ணாமலைப் புதியவன்

எல்லாருக்கும் வணக்கம். முழு இழையையும் படித்தேன். முதல் கார் வாங்கப் போகிறேன், நாலு லட்சம் வரை போகலாம். மாதம் ஒருமுறை அப்பாவைச் சென்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், மற்றபடி ஊருக்குள் தான். கன்சல்டிங்கில் 2017 டீசல் ஸ்விஃப்ட், அடிப்படை மாடல், காட்டினார்கள், ரீசேல் குறையவே குறையாது என்கிறார்கள். எடுக்கலாமா அண்ணா?


மலைப்பாதை

தம்பி, உங்கள் ஓட்டத்துக்கு டீசலே வேண்டாம். மாதம் ஒருமுறை திண்டிவனம் வழியாகச் சென்னை, மற்ற நாள் ஊருக்குள் நாலு கி.மீ. என்றால் டீசலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரும்பவே திரும்பாது. அந்த வண்டியின் அடிப்படை மாடலில் ஏர்பேக், ஏ.பி.எஸ். இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கையும் டாஷ்போர்டையும் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், இல்லையென்றால் அப்பாவை அதில் உட்கார வைக்காதீர்கள்.

டொயோட்டா எடியோஸ் லிவா பெட்ரோல் தேடுங்கள். 2015 முதல் எல்லா மாடலிலும் இரண்டு முன் ஏர்பேக் கொடுத்தார்கள், 2016-இல் குளோபல் என்கேப் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. உள்ளே பார்க்க எளிமையாக இருக்கும், டாக்ஸி என்று பெயர் விழுந்துவிட்டதால் விலையும் அடக்கம். 2020-இல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் கம்பெனி இங்கேயே இருக்கிறது, எடியோஸ் டாக்ஸியும் ஊரெல்லாம் ஓடுகிறது, பார்ட்ஸ் பிரச்சினை வராது. 2023-க்கு முந்தைய எந்தப் பெட்ரோல் வண்டியானாலும் இப்போது பங்கில் கிடைக்கும் இருபது சதவீத எத்தனால் பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் குறையும், பெட்ரோல் ஹோஸ்களை ஒருமுறை மாற்றிவிடுங்கள்.


பட்டறை நெல்லை

எடியோஸ் என்றால் ஒன்று மட்டும். டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டியா என்று ஆர்.சி.யின் பழைய விவரத்தில் பாருங்கள், செடானில்தான் அதிகம், லிவாவிலும் உண்டு. டாக்ஸியாக ஓடியது என்பதால் மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மீட்டரை நம்ப முடியாது, விலை நன்றாகக் குறைய வேண்டும்.


திருவண்ணாமலைப் புதியவன்

விழுப்புரத்தில் ஒரு லிவா பெட்ரோல் பார்த்து வைத்திருக்கிறேன், 2016, இரண்டாவது ஓனர், 71,000 கி.மீ., சர்வீஸ் பில் இருக்கிறது என்று சொன்னார்கள். இரண்டாவது ஓனர் என்பதால் அப்பா தயங்குகிறார்.


மலைப்பாதை

பில் இருக்கிறது என்றால் போய்ப் பாருங்கள். காலையில் போங்கள், நீங்கள் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த என்ஜினில்தான் சத்தமும் புகையும் மறையாமல் தெரியும். பில்லில் உள்ள கி.மீ. ஒவ்வொரு வருடமும் சீராக ஏறுகிறதா, நடுவில் எங்காவது இறங்குகிறதா என்று பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஏ.சி.யையும் பாட்டையும் அணைத்துவிட்டு, ஜன்னலை இறக்கி, ஒரு மோசமான சாலை, ஒரு நல்ல சாலை இரண்டிலும் ஓட்டுங்கள். அப்பாவையும் கூட்டிப்போய்ப் பின் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கொக்கி பூட்டுகிறதா, ஏறி இறங்க அவருக்கு வசதியாக இருக்கிறதா என்று. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டி எண்ணை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், ஹைப்போ, அபராதம் ஏதாவது நிலுவை இருக்கிறதா என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.